பேகத்தின் மறுமொழி

1858ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் நாள், அலகாபாத்தில் கூட்டப்பெற்ற அவையில் கானிங் பிரபு ஓர் அறிக்கையைப் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்தது, இனி இங்கிலாந்துப் பேரரசி விக்டோரியாவே இந்நாட்டை ஆள்வார் என்று அது அறிவித்தது. நாட்டு மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டு நகர்தோறும் படிக்கப்பட்ட அவ்வறிக்கையை, இந்திய மக்களின் உரிமைச் சாசனம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் போற்றி வந்தன. தேர்வுக்காக அதன் கூறுகளை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்த தலைமுறைகள் நம்மிடையே பல உண்டு. ஆனால், அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அவ்வறிக்கைக்கு ஒரு மறுமொழி எழுதப்பட்டது என்பதும், அதை வெளியிட்டவர் தலைநகரை இழந்து நேபாள எல்லையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்த ஓர் அரசமாதேவி என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தாம் அவத் நாட்டின் பேகம் ஹஜ்ரத் மஹல். அவரைப் பற்றி நம் சமுதாயத்தில் எழுதப்பட்டனவும் பேசப்பட்டனவும் குறைவென்று சொல்வதற்கில்லை. எனினும் அவை பெரும்பாலும் இரண்டே வகையில் அடங்கிவிடுகின்றன. ஒன்று வீரமங்கை வகை. அதில் அவர் யானைமீது அமர்ந்து படை நடத்துகிறார், வெள்ளையர் நடுங்குகின்றனர். மற்றொன்று கண்ணீர் வகை. அதில் அவர் நாடிழந்து, கணவரைப் பிரிந்து, அந்நிய மண்ணில் அடங்கிப் போகிறார். இருவகையிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டிலும் அவர் வாய் திறந்து பேசுவதே இல்லை. அவர் பேசியது இருக்கிறது. அரசாங்க ஆவணங்களில் காக்கப்பட்டு, பின்னர் அச்சிலும் வந்திருக்கிறது. அதனை ஓர் இலக்கிய ஆக்கமாகவே எடுத்துக்கொண்டு, அதன் நிறைகுறைகளை இங்கே ஆராய விழைகிறோம்.

முதலில், பேசியவர் யார் என்பதைச் சிறிது அறிந்துகொள்வோம். ஃபைஜாபாத்தில் பிறந்த முஹம்மதீ கானம் என்னும் ஏழைப் பெண், லக்னோ அரண்மனையின் ‘பரீகானா’ என்னும் இசை, நடனக் கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டார். ஷியா மரபில் இடம்பெறும் முத்ஆ மணத்தின் வழியாக வாஜித் அலீ ஷாவின் துணைவியருள் ஒருவரானார். 1845இல் பிர்ஜீஸ் கத்ர் என்னும் மகனைப் பெற்றபின் ஹஜ்ரத் மஹல் என்னும் பட்டம் பெற்றார். பின்னர் 1850இல் மன்னரால் விலக்கப்பட்ட துணைவியர் சிலருள் அவரும் ஒருவர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். 1856 பிப்ரவரியில், நிர்வாகச் சீர்கேடு என்னும் காரணம் காட்டிக் கம்பெனியார் அவத்தைக் கவர்ந்தனர். முடியிழந்த மன்னர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். விலக்கப்பட்ட துணைவியோ லக்னோவிலேயே இருந்தார்.

மறு ஆண்டு கிளர்ச்சி மூண்டது. 1857 ஜூன் 30ஆம் நாள் சின்ஹட்டில் ஆங்கிலப் படை தோற்றது. ஜூலை மாதத்தில், பன்னிரண்டு வயதும் நிரம்பாத பிர்ஜீஸ் கத்ர் அரியணையில் அமர்த்தப்பட்டார். அரசரின் மூத்த துணைவியர் துணியாத பொறுப்பை ஹஜ்ரத் மஹல் ஏற்று, மகனின் பெயரால் ஆட்சி நடத்தினார். 1858 மார்ச் மாதம் லக்னோ வீழ்ந்தது. அதன்பின்னும் அவர் பணியவில்லை. பஹ்ராயிச் பகுதியில் பவுண்டிக் கோட்டையை இருப்பிடமாகக் கொண்டு போராட்டத்தைத் தொடர்ந்தார். நாம் எடுத்துக்கொண்ட மறுமொழி பிறந்தது இந்த இடைக்காலத்தில்தான். நாடு கையைவிட்டுப் போய்விட்டது, நாட்டைவிட்டுப் போகும் காலம் இன்னும் வரவில்லை. இந்நிலையில் ஒருவர் எழுதக்கூடியது என்ன? முறையீடு எழுதலாம், புலம்பல் எழுதலாம். பேகம் எழுதுவித்ததோ ஒரு மறுப்புரை.

மறுப்புரை என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தே ஆளுகிறோம். எதிரியின் கூற்றை முதலில் எடுத்து வைத்தல், அதன்பின் அதற்கு விடை கூறல், விடைக்குச் சான்று காட்டல், சான்றின் முடிவில் ஒரு வினா எழுப்பல் என்பது கண்டன நூல்களின் முறை. நம் ஆலிம்களின் மறுப்பு நூல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இம்முறை புதிதன்று. பேகத்தின் அறிக்கை அடிமுதல் முடிவரை இம்முறையிலேயே செல்கிறது. விக்டோரியாவின் அறிக்கையில் எழுதப்பட்டிருப்பது இது என்று தொடங்கி, ஒவ்வொரு வாக்குறுதியையும் தனித்தனியே பிரித்தெடுத்து நிறுத்துப் பார்க்கிறது.

கம்பெனியின் ஆட்சி போய்ப் பேரரசியின் ஆட்சி வந்தது என்பது முதற்செய்தி. அதற்குப் பேகம் தரும் விடை மிக எளியது. சட்டங்கள் கம்பெனியின் சட்டங்களே, அலுவலர்கள் கம்பெனியின் அலுவலர்களே, நீதிமன்றங்களும் அவையே. அவ்வாறாயின் மாறியது என்ன? பெயர் மாறினால் ஆட்சி மாறுமா என்று அவர் மக்களைக் கேட்கிறார்.

முன்னைய ஒப்பந்தங்கள் மதிக்கப்படும் என்பது அடுத்த வாக்குறுதி. இங்கே பேகத்தின் உரை ஒரு வரலாற்றுப் பட்டியலாக விரிகிறது. பரத்பூர் மன்னரை மகன் என்று அழைத்துவிட்டு அவர் நாட்டைக் கவர்ந்தது, லாகூர் அரசரை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது, பேஷ்வாவைப் பூனாவிலிருந்து அகற்றிப் பிட்டூரில் இருத்தியது, மைசூரில் திப்பு சுல்தானுக்கு இழைத்த நம்பிக்கைத் துரோகம் என ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இறுதியில் தம் அவத்துக்கு வருகிறார். இனி எதையும் கவர்வதில்லை என்று ஆணையிட்டு எழுதிய ஒப்பந்தப் பிரிவு எண்ணையும் சொல்லி, அதை மீறியவர்கள் இப்போது எழுதித் தரும் புதிய ஒப்பந்தத்தை நம்புவது எங்ஙனம் என்று கேட்கிறார்.

இந்தப் பட்டியலை நாம் வியக்கிறோம். லக்னோ அரண்மனையின் திரைக்குப்பின் வாழ்ந்த ஒருவர், சீக்கியரும் மராத்தியரும் மைசூரியரும் இழந்தவற்றைத் தம் இழப்போடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதுகிறார். திப்புவின் பெயர் அதில் இடம்பெறுவது தமிழ்நாட்டவராகிய நம் நெஞ்சைத் தனியே தொடுகிறது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர்தம் துணைவியரும் மக்களும் கொண்டுவந்து வைக்கப்பட்டது நம் வேலூர்க் கோட்டையில் அல்லவா? 1806இல் அங்குச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து வாஜித் அலீ ஷா சென்று சேர்ந்ததும் அதே கல்கத்தாதான்.

சமயம் பற்றிய பகுதி இம்மறுப்புரையின் உயிர்நிலை. கிறிஸ்தவ சமயத்தின் உண்மையில் தமக்கு உறுதி உண்டென்று கூறிவிட்டு, பிற சமயத்தவர்மீது அதைத் திணிப்பதில்லை என்று விக்டோரியா வாக்களித்திருந்தார். ஒரு சமயம் உண்மையா பொய்யா என்பதற்கும் நீதி வழங்குவதற்கும் என்ன தொடர்பு என்று பேகம் திருப்பிக் கேட்கிறார். எண்ணிப் பார்த்தால் இது மிகக் கூரிய வினா. எல்லோர்க்கும் ஒரே நீதி வழங்கப்போகும் அரசு, தன் சமயமே மெய் என்று முதல் வரியில் எதற்காகச் சொல்லிக்கொள்ள வேண்டும்? இவ்வினாவை எழுப்பியபின் அவர் ஏக இறைக் கொள்கையை நிலைநாட்டுகிறார்; அவ்விடத்து அவர் நடை கடுமையானது. ஆயினும், சாலை போடுவதாகச் சொல்லி இடிக்கப்பட்ட வழிபாட்டிடங்களைப் பற்றி முறையிடும்போது பள்ளிவாசல்களோடு இந்துக் கோயில்களையும் சேர்த்தே சொல்கிறார். தம் தீனில் உறுதியும், அடுத்தவர் வழிபாட்டிடத்தின்மீது மதிப்பும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

பொதுமன்னிப்புப் பற்றிய பகுதியில் அவருடைய அறிவு ஒரு தேர்ந்த வழக்கறிஞரின் அறிவாகவே விளங்குகிறது. கொலை செய்தவர்க்கு மன்னிப்பில்லை, தலைமை தாங்கியவர்க்கும் அடைக்கலம் தந்தவர்க்கும் ஆராய்ந்து தண்டனை, ஏனையோர்க்கு மன்னிப்பு என்று விக்டோரியாவின் அறிக்கை வகுத்திருந்தது. கிளர்ச்சிப் படை தங்கிச் சென்ற ஊர்கள் எத்தனை, அவ்வூர்களில் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இந்த வலையில் சிக்காதவர் எவருமில்லை என்று பேகம் விளக்குகிறார். எல்லாம் எழுதியதுபோல் எழுதி, ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. ஆங்கிலேயர் ஒரு குற்றத்தை மன்னித்ததாக எவரும் கனவிலும் கண்டதில்லை என்னும் பொருளில் அவர் ஓரிடத்தில் கூறுவது, அழுகையினும் கூர்மையான எள்ளல்.

முடிவில், நாடு அமைதியுற்றபின் மக்கள் நலனுக்கான பணிகள் பெருகும் என்ற வாக்குறுதிக்கு வருகிறார். சாலை போடுவதும் கால்வாய் வெட்டுவதும் அல்லாது உங்களுக்கு வேறென்ன வேலை தருவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று மக்களை வினவுகிறார். இதன் பொருள் விளங்காதவர்க்கு இனி உதவ வழியில்லை என்று உரையை முடித்துவிடுகிறார். அலங்காரமான முத்தாய்ப்பு ஒன்றும் இல்லை. கூலிக்காரராக வாழச் சம்மதமா என்னும் வினா மட்டும் படிப்பவர் காதில் நிற்கிறது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். இதை எழுதியவர் பேகம்தாமா, அல்லது அவர் அவையிலிருந்த முன்ஷி எவரேனுமா? நேர்மையான வினாதான். அரச அறிக்கைகளை எழுத்தர்கள் எழுதுவதே வழக்கம். ஆனால் விக்டோரியாவின் அறிக்கை மட்டும் அவர் கையால் எழுதப்பட்டதா? அது பிரதமர் டெர்பி பிரபுவின் அமைச்சரவை உருவாக்கியது. முதல் வரைவு தமக்கு நிறைவளிக்காமையால், கீழ்த்திசை மக்களிடம் ஒரு பெண் அரசி பேசுவதாக அமையுமாறு திருத்தி எழுதும்படி விக்டோரியா கேட்டுக்கொண்டார். அவ்வறிக்கையை விக்டோரியாவினுடையது என்று கூறத் தயங்காத நாம், பேகத்தின் அறிக்கைக்கு மட்டும் வேறோர் அளவுகோல் கொள்வது முறையன்று. பெண் எழுதியிருக்க மாட்டாள் என்னும் ஐயம், கல்வியறிவுள்ள நம் வீட்டுப் பெண்களின் எழுத்தையும் பலமுறை தொடர்ந்து வந்த ஐயமே ஆகும்.

மொழி பற்றிய மற்றொரு தடை இதனினும் வலிமையானது. நம் காலத்தார் பெரும்பாலும் படிக்கக் கிடைப்பது, பேகத்தின் எதிரிகள் தம் அலுவலகக் கோப்புக்காகச் செய்துகொண்ட ஆங்கில வடிவம். ஆகவே, மூலத்தின் சொல்லழகு இத்தகையது என்று நாம் தீர்ப்புக் கூற இயலாது. ஆயினும் வாதத்தின் அமைப்பு மொழிபெயர்ப்பில் சிதைவதில்லை. எதிரியின் எழுதுகோல் வழியாக வந்தும் இத்துணை வலிமையுடன் நிற்கும் உரை, தன் மொழியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று உய்த்துணரலாம்.

புகழ்ந்தது போதும்; குறையையும் சொல்லியாக வேண்டும். திறனாய்வு என்பது மாலை சூட்டும் சடங்கன்று. இதே ஆட்சியின் பெயரால், பிர்ஜீஸ் கத்ரின் முத்திரையுடன் 1858இல் வெளிவந்த வேறோர் அறிக்கை உண்டு. சமயம், மானம், உயிர், உடைமை என நான்கும் மக்களுக்கு இன்றியமையாதவை என்று அது நன்றாகவே தொடங்குகிறது. ஆனால் மானத்தைப் பற்றிப் பேசும்போது, ஆங்கிலேயர் உயர்குடியினரையும் தாழ்ந்தோரையும் ஒன்றாகவே கருதுகின்றனர் என்பதை ஒரு குற்றமாகச் சாட்டுகிறது. சாதியால் தாழ்த்தப்பட்ட ஒருவன் முறையிட்டால் நவாபையும் ராஜாவையும் நீதிமன்றத்திற்கு அழைக்கிறார்களே என்று வருந்துகிறது. சய்யித், ஷெய்கு, முகல், பட்டாணியர் என்று தரவரிசை கூறி, அவரவர் தரம் பழைய ஆட்சியில் காக்கப்பட்டது என்று பெருமை கொள்கிறது.

இதை நாம் மறைப்பதற்கில்லை. பிறப்பாலும் நிறத்தாலும் மேன்மையில்லை, இறையச்சத்தாலேயே மேன்மை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் அறிவித்தபின், ஏழையின் முறையீட்டுக்காகப் பிரபு நீதிமன்றம் வருவதில் ஒரு முஸ்லிமுக்கு என்ன குறை இருக்க முடியும்? ஏழைப் பெண்ணாக அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டவரின் மகன் பெயரால் வந்த அறிக்கையே இப்படிப் பேசுவது நமக்கு வேதனை அளிக்கிறது. தாலுக்தார்களின் துணையின்றிப் போர் நடத்த இயலாத நிலையில், அவர்கள் மனத்தைக் கவரவே இவ்வாறு எழுதப்பட்டது எனலாம். அது காரணமாகுமேயன்றி நியாயமாகாது. பேகத்தின் மறுமொழியைப் போற்றும் நாம், இந்த அறிக்கையையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும். முன்னோரை மதிப்பது என்பது அவர்களை முழுமையாக அறிவதே.

இனி, நாடு கடந்த வாழ்வை அவத் அரச குடும்பத்தார் எவ்வாறு மேற்கொண்டனர் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்போம். வாஜித் அலீ ஷா கவிஞர். ‘அக்தர்’ என்னும் புனைபெயரில் எழுதியவர். தம் துயரத்தை ‘ஹுஜ்னே அக்தர்’ என்னும் மஸ்னவியாகப் பாடினார். ‘பாபுல் மோரா’ என்று தொடங்கும் புகழ்பெற்ற தும்ரிப் பாடலும் அவர் இயற்றியதாகவே வழங்கி வருகிறது. தாய்வீட்டை விட்டுப் பல்லக்கில் புறப்படும் மணமகளின் குரலில் அமைந்த அப்பாடலை, லக்னோவை விட்டுப் பிரிந்த மன்னரின் துயராகவே மக்கள் கேட்டு உருகினர். ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் உதவித்தொகையில், கல்கத்தாவை அடுத்த மட்டியாபுர்ஜில் ஒரு சிறு லக்னோவை அமைத்துக்கொண்டு 1887இல் மறைந்தார்.

மன்னரின் தாயார் மலிகா கிஷ்வர் வேறு வழி சென்றார். கடல் கடந்து இங்கிலாந்து போய், விக்டோரியாவை நேரில் சந்தித்து முறையிட முனைந்தார். சந்திப்பு நிகழ்ந்தது; நாடு திரும்பவில்லை. தாயகம் திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் பாரிஸ் நகரில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் பாடினார், தாய் முறையிட்டார், விலக்கப்பட்ட துணைவி மறுத்துரைத்தார். மன்னர் பெண்ணின் குரலில் அழுதார் என்றால், அரசமாதேவி மன்னரின் குரலில் வழக்காடினார் என்றே சொல்ல வேண்டும். மூவரில் எவரையும் இகழ நாம் வரவில்லை. மன்னரின் பாடலுக்கு இலக்கிய வரலாற்றில் இடம் கிடைத்திருக்கிறது. துணைவியின் உரைநடைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்பதே நம் முறையீடு. துயரத்தைப் பாடினால் இலக்கியம், உரிமையை வாதிட்டால் வெறும் ஆவணம் என்னும் பிரிவினை எங்கிருந்து வந்தது?

பேகத்தின் இறுதி இருபது ஆண்டுகளைச் சுருக்கமாகவே கூறலாம். ஆங்கிலேயர் தர முன்வந்த உதவித்தொகையை அவர் ஏற்கவில்லை. 1859இல் நேபாளம் சென்றார். லக்னோவை மீட்க ஆங்கிலேயருக்குப் படையுதவி செய்த ஜங் பகதூர் ராணாவிடமே அடைக்கலம் கேட்க வேண்டியிருந்தது. முதலில் தயங்கிய அவர் பின்னர் இடமளித்தார். 1879ஆம் ஆண்டு பேகம் காத்மாண்டுவில் காலமானார். அந்நகரின் ஜும்ஆ பள்ளிவாசல் அருகே அவருடைய கபுரு இருக்கிறது. மகன் பிர்ஜீஸ் கத்ர், விக்டோரியாவின் ஆட்சிப் பொன்விழா ஆண்டான 1887இல் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பினார். மன்னிக்கவே மாட்டார்கள் என்று தாய் எழுதியதற்கு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, தாய் மறைந்தபின் வந்த மறுமொழி அது.

விடுதலை பெற்ற இந்தியா அவரை மறந்துவிடவில்லை. 1962இல் லக்னோவிலிருந்த விக்டோரியா பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1984இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. சிறுபான்மைச் சமூக மாணவியர்க்கு மத்திய அரசு வழங்கிவந்த உதவித்தொகை ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதற்கு விண்ணப்பம் எழுதியவர்களே. பெயர் இவ்வாறு பல இடங்களில் நின்றது. பெயருக்குரியவர் சொன்ன சொல்தான் பரவவில்லை.

ஆகவே, நம் பதிப்பாளர்களுக்கும் மதரஸா, பள்ளி நிருவாகிகளுக்கும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். விக்டோரியாவின் அறிக்கையையும் பேகத்தின் மறுமொழியையும் நல்ல தமிழில் பெயர்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, சிறு நூலாக்கித் தாருங்கள். அதனுடன் பிர்ஜீஸ் கத்ரின் பெயரால் வந்த அறிக்கையையும் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் நிறையும் குறையும் தாமே கண்டறியட்டும். ஆண்டு விழா மேடைகளில் நம் பெண்மக்களுக்கு அட்டை வாளைக் கொடுத்து ஹஜ்ரத் மஹலாக நிறுத்துகிறோம். அவர்கள் கையில் அந்த மறுமொழியைக் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்தால், பேகம் போரிட்ட விதம் அவர்களுக்கும் விளங்கும், கேட்டிருக்கும் நமக்கும் விளங்கும்.